தொகாஷி ஏன் வாரந்தோறும் வரைவதில்லை: ‘ஹண்டர் × ஹண்டர்’ இடைவெளிகளின் பின்னணி

2022 மே 24 அன்று ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) புதிய கணக்கு ஒன்று தோன்றியது. எழுத்துகளும் எண்களும் தாறுமாறாகக் கலந்த பயனர் பெயர். வரைதாள் ஒன்றின் மூலை மட்டும் தெரியும் ஒரு படம். ‘இப்போதைக்கு இன்னும் நான்கு அத்தியாயங்கள்’ என்ற பொருளில் ஒற்றை வரி. போலிக் கணக்காக இருக்குமோ என்று பலர் ஐயுற்ற நேரத்தில், ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடரின் ஓவியர் யூசுகே முராதா அது உண்மையானதே என்று உறுதிப்படுத்தினார். மிக விரைவிலேயே பின்தொடர்வோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைக் கடந்தது. கணக்குக்கு உரியவர் மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் யோஷிஹிரோ தொகாஷி. அவருடைய ‘ஹண்டர் × ஹண்டர்’ 2018 நவம்பருக்குப் பிறகு ஓர் அத்தியாயம்கூட வெளிவராமல் நின்றிருந்தது.

அதன் பின் நடந்தவை, இத்தொடரை அனிமே (ஜப்பானிய அசைபடம்) வழியாக மட்டும் அறிந்தவர்களைக் குழப்பத்தில் ஆழ்த்தின. 2022 அக்டோபரில் தொடர் திரும்பியது. பத்து அத்தியாயங்கள் வந்ததும் மீண்டும் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில், ஆசிரியரின் உடல்நிலையைக் கருதி இனி இது வழக்கமான வாரத்தொடராக வெளிவராது என்று அதை வெளியிடும் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் அறிவித்தது. ஆனால் 2024 அக்டோபரில் மறுபடி வந்தபோது, அதே வார இதழில், வாரத்துக்கு ஒன்றாகப் பத்து அத்தியாயங்கள் வந்து டிசம்பரில் நின்றன. வாரத்தொடர் இல்லை என்றால் வாரந்தோறும் வந்தது ஏன்? நோய் என்றால் பத்து வாரம் வரைய முடிந்தது எப்படி? பதிப்பகம் இதை ஏன் பொறுத்துக்கொள்கிறது? வேறொருவரைக் கொண்டு வரையச் செய்யலாகாதா? இவற்றுக்கு விடை காண, முதலில் ஜப்பானிய வாரத்தொடர் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதற்குள் தொகாஷி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துவந்த முடிவுகளையும் பார்க்க வேண்டும்.

வாரத்தொடர் என்னும் ஏற்பாடு

‘ஷோனென் ஜம்ப்’ இதழை ஷூயெய்ஷா பதிப்பகம் 1968இல் தொடங்கியது. 1969 முதல் அது வார இதழ். ஒவ்வோர் இதழிலும் ஏறத்தாழ இருபது தொடர்கள் இடம்பெறும். ஒரு தொடருக்கு வழக்கமாக 19 பக்கங்கள். இந்தப் பத்தொன்பது பக்கங்களுக்குப் பின்னால் உள்ள வேலையை அறியாமல் இடைவெளிகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

1. முதல் கட்டம் ‘நேமு’ எனப்படும் முன்வரைவு. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து, யார் எங்கே நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பதைக் கோட்டோவியமாகக் குறித்துப் பொறுப்பாசிரியரிடம் காட்டுவது. கதை பிறக்கும் இடம் இதுதான். வாரத்தின் இரண்டு மூன்று நாட்களை இதுவே விழுங்கிவிடும். பொறுப்பாசிரியர் ஒப்பவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

2. அடுத்து வரைதல். பென்சிலில் வரைந்து, மையிட்டு, பின்னணிகளையும் கருமைப் பகுதிகளையும் நிரப்பி, நிழலுக்கான புள்ளிகள் அச்சிட்ட புள்ளித்தாள் ஒட்டுவது. பாத்திரங்களின் முகங்களை ஓவியர் வரைவார். கட்டடம், மரம், கூட்டம் போன்றவற்றை உதவியாளர்கள் வரைவார்கள். உதவியாளர்களுக்கான ஊதியத்தைத் தருவது பதிப்பகம் அன்று, ஓவியர்தான்.

3. இதழோடு வரும் கருத்து அட்டையில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். தொடர்ந்து பின்தங்கும் தொடர் பத்துப் பதினைந்து வாரங்களிலேயே முடிக்கப்படலாம். ஆகவே ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து வாசகனைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

4. இதழில் வெளிவரும் பக்கங்களுக்குப் பக்கக் கூலி உண்டு. அதில் பெரும்பகுதி உதவியாளர் ஊதியத்துக்கும் இடவாடகைக்கும் போய்விடுவது வழக்கம். ஓவியருக்கு உண்மையான வருமானம் தருவது, ஒன்பது பத்து அத்தியாயங்களைச் சேர்த்து வெளியிடும் ‘தான்கோபோன்’ எனப்படும் தனித்தொகுதிதான். விலையில் ஏறத்தாழ பத்து விழுக்காடு உரிமத்தொகையாகக் கிடைக்கும். 500 யென் விலையுள்ள தொகுதி பத்து லட்சம் படிகள் விற்றால், ஓவியருக்கு 5 கோடி யென்.

இந்த நான்காவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதழ் ஒரு காட்சிமேடை. வணிகம் நடப்பது தொகுதியில்.

இன்னொரு வேறுபாடும் தேவை. ‘கியூசாய்’ என்பது தற்காலிக நிறுத்தம். தொடர் முடிந்தது என்பது வேறு. ஓவியருக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நின்றாலும் கியூசாய்தான். நான்கு ஆண்டுகள் நின்றாலும் கியூசாய்தான். ‘ஹண்டர் × ஹண்டர்’ ஒருமுறைகூடக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டதில்லை. இணையத்தில் அவ்வப்போது சுற்றும் ‘தொடர் ரத்து’ என்ற செய்திகள் இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதப்படுபவை.

யமகதாவிலிருந்து ஜம்ப் வரை

தொகாஷி 1966 ஏப்ரல் 27 அன்று வடகிழக்கு ஜப்பானின் யமகதா மாநிலத்தில், ஷின்ஜோ நகரில் பிறந்தார். ஓவிய ஆசிரியராகும் எண்ணத்துடன் யமகதா பல்கலைக்கழகத்தில் படித்தவர், படிக்கும்போதே போட்டிகளுக்கு வரைந்து அனுப்பினார். 1986இல் ஷூயெய்ஷா நடத்தும் தெஸுகா விருதுப் போட்டியில் அவருடைய பேஸ்பால் குறுங்கதை ஒன்று தேர்வானது. 1989இல் ஜம்பில் முதல் தொடர் தொடங்கியது. நான்கு தொகுதிகளோடு முடிந்துபோன காதல் நகைச்சுவை அது. அதில் சொல்ல அதிகம் இல்லை.

அடுத்து வந்தது ‘யூ யூ ஹாகுஷோ’. 1990 இறுதியில் தொடங்கி 1994 நடுப்பகுதி வரை 175 அத்தியாயங்கள், 19 தொகுதிகள். சாலை விபத்தில் இறந்துபோன முரட்டு மாணவன் ஒருவன் ஆவியுலகத் துப்பறிவாளனாக மாறும் கதை. ‘டிராகன் பால்’, ‘ஸ்லாம் டங்க்’ ஆகியவற்றோடு சேர்ந்து ஜம்பின் பொற்காலத் தூண்களில் ஒன்றாக அது நின்றது. 1993இல், போட்டிப் பதிப்பகமான ஷோகாகுகான் வழங்கும் மங்கா விருதே அதற்குக் கிடைத்தது. தொகுதிகள் ஐந்து கோடிப் படிகளைக் கடந்தன. 1992 முதல் 112 பகுதிகள் கொண்ட அனிமே ஒளிபரப்பானது.

உச்சத்தில் இருந்தபோதே அவர் அதை முடித்தார். எப்படி முடித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். இறுதிப் பகுதியில் அரக்க உலகின் மாபெரும் போட்டி ஒன்று ஏற்பாடாகிறது. ஜம்ப் வழக்கப்படி அது ஓராண்டுக்காவது நீளும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். தொகாஷியோ அதைத் தொடங்கிவைத்து, முடிவைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, சிறுசிறு தனிக்கதைகளோடு தொடரை மூடினார். பின்னர் 1994இல் தானே அச்சிட்டு வாசகர் சந்தையில் தந்த ஒரு சிறு வெளியீட்டில் இதற்கான காரணங்களை எழுதினார். தூக்கமின்மையும் உடல் சோர்வும் அதில் உண்டு. ஆனால் அவற்றைவிட அழுத்தமாக ஒலிப்பது வேறொன்று: உதவியாளர்களிடம் பிரித்துக் கொடுத்து நேரத்துக்கு முடிப்பதைவிட, தன் கையாலேயே, தன் விருப்பப்படி வரைய வேண்டும் என்ற ஆசை. பதிப்பகத்தின் மேல் பழி போடாமல், இது தன் சுயநலம் என்ற தொனியிலேயே அவர் எழுதியிருந்தார்.

அப்போது அவருக்கு வயது 28. படுத்தபடி வரையும் நிலையோ நான்காண்டு இடைவெளியோ அப்போது கிடையாது. ஆகவே பிற்கால நிறுத்தங்களை முழுக்க உடல்நிலையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. வாரத்தொடரோடு அவருக்கிருந்த பிணக்கு நோய்க்கு முந்தியது. நோய் வந்தபோது, அந்தப் பிணக்குக்குப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமல் போயிற்று என்பதுதான் என் வாசிப்பு.

‘லெவல் ஈ’: முதல் விதிவிலக்கு

1995இல் அவர் ஜம்புக்குத் திரும்பியபோது நடந்த ஏற்பாடு, பின்னால் வந்த அனைத்துக்கும் முன்மாதிரி. ‘லெவல் ஈ’ வார இதழில்தான் வந்தது. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை மட்டும். பதினாறு அத்தியாயங்கள், மூன்று தொகுதிகள், 1997இல் நிறைவு. அறிவும் குறும்பும் மிகுந்த வேற்றுக்கிரக இளவரசன் ஒருவன் யமகதாவுக்கு வந்து இறங்கி, சுற்றியிருப்பவர்களைப் படாதபாடு படுத்தும் கதை. வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்ததால் அதன் பக்கங்கள் அவருடைய மற்ற எந்தத் தொடரைவிடவும் நுணுக்கமானவை. அவர் வரைந்தவற்றுள் குறைந்தளவே படிக்கப்பட்டதும், கட்டுக்கோப்பில் மிகச் சிறந்ததும் இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒரு வார இதழ் தன் தாளத்தை ஓர் ஓவியருக்காக மாற்றிக்கொண்டது என்பது சிறிய செய்தி அன்று. அன்றைய சூழலைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜம்பின் ஓர் இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் படிகள் அச்சாகி உச்சம் தொட்டது 1995 தொடக்கத்தில். அதே ஆண்டில் ‘டிராகன் பால்’ முடிந்தது. 1996இல் ‘ஸ்லாம் டங்க்’ முடிந்தது. 1997இல் போட்டிப் பதிப்பகமான கோதான்ஷாவின் வார இதழ் விற்பனையில் ஜம்பை முந்தியது. தூண்கள் சாயும் வீட்டில், மீதமிருக்கும் தூண் எந்தக் கோணத்தில் நின்றாலும் விட்டுவைப்பார்கள்.

‘ஹண்டர் × ஹண்டர்’: வேகமும் சரிவும்

1998 மார்ச்சில் ‘ஹண்டர் × ஹண்டர்’ முழு வாரத்தொடராகவே தொடங்கியது. தன்னை விட்டுச் சென்ற தந்தையைத் தேடி, அவரைப் போலவே ‘ஹண்டர்’ (அரியவற்றைத் தேடிச் செல்லும் உரிமம் பெற்றவர்) ஆகப் புறப்படும் கோன் என்ற சிறுவனின் கதை. அடுத்த ஆண்டு ஜனவரியில் தொகாஷி, ‘செய்லர் மூன்’ படைத்த நவோகோ தகேயுச்சியை மணந்தார். இருவருமே உலகெங்கும் விற்ற தொடர்களுக்கு உரியவர்கள். கூலிக்காக வாரந்தோறும் வரைந்தே தீர வேண்டிய வீடாக அது இருந்திருக்காது என்று ஊகிப்பதில் தவறில்லை.

தொகுதிகளின் வெளியீட்டைப் பார்த்தால் வேகம் குறைந்த விதம் தெளிவாகத் தெரியும். இருபதாவது தொகுதி 2004 ஜூனில் வந்தது. அதாவது முதல் ஆறு ஆண்டுகளில் இருபது தொகுதிகள். முப்பத்தெட்டாவது தொகுதி 2024 செப்டம்பரில் வந்தது. அதாவது அடுத்த இருபது ஆண்டுகளில் பதினெட்டு.

திருப்பம் நேர்ந்தது ‘கிமேரா எறும்பு’ப் பகுதியில். 2003இல் தொடங்கிய இப்பகுதிதான் தொகாஷியின் பெயரை வெறும் வெற்றிபெற்ற ஓவியர் என்ற நிலைக்கு மேலே தூக்கியது. அதை முடிக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2000களின் நடுவில் இதழில் வந்த சில அத்தியாயங்கள், மையிடப்படாத முன்வரைவுபோலவே அச்சேறின. பின்னணி இல்லை, முகங்கள் கோடுகளாக நின்றன. வாசகர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். ஆனால் அதே அத்தியாயங்கள் தொகுதியாக வந்தபோது பெரும்பாலும் திருத்தி வரையப்பட்டிருந்தன. இதழுக்குத் தந்தது வரைவு, தொகுதிக்குத் தந்ததே படைப்பு என்ற மனநிலை அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. அதன் பிறகு 2006 தொடக்கத்திலிருந்து 2007 அக்டோபர் வரை நீண்ட நிறுத்தம். 2012 மார்ச்சிலிருந்து 2014 ஜூன் வரை இன்னொன்று. இடுப்பு வலி பற்றிய குறிப்புகள் அறிவிப்புகளில் இடம்பெறத் தொடங்கின.

இந்தக் காலத்தில்தான் ‘வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு ஆடுகிறார்’ என்ற கேலி ஜப்பானிய இணையத்தில் நிலைத்தது. கணினி விளையாட்டுகள் மீது தமக்குள்ள பிரியத்தை அவரே மறைத்ததில்லை என்பதால் கேலிக்குத் தீனியும் இருந்தது. ஆனால் 2022இல் அவர் தம் நிலையைச் சொன்னபோது பலர் வாயடைத்துப்போனார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார முடியாததால் வரைய முடியவில்லை, அதுவரை வரைந்த முறையைக் கைவிட்ட பிறகே மீண்டும் தொடங்க முடிந்தது, படுத்தபடியே வரைகிறேன், உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

பத்து அத்தியாயம், ஒரு தொகுதி

இப்போது முதல் புதிருக்கு வரலாம். கடந்த சில வருகைகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தென்படும்.

1. 2017 ஜூனில் தொடங்கி: 361 முதல் 370 வரை.
2. 2018 ஜனவரியில் தொடங்கி: 371 முதல் 380 வரை.
3. 2018 செப்டம்பரில் தொடங்கி: 381 முதல் 390 வரை.
4. 2022 அக்டோபரில் தொடங்கி: 391 முதல் 400 வரை.
5. 2024 அக்டோபரில் தொடங்கி: 401 முதல் 410 வரை.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து. ஒவ்வொரு பத்தும் ஒரு தொகுதி: 371–380 என்பது 36ஆம் தொகுதி, 381–390 என்பது 37, 391–400 என்பது 38. ஆக, தொகாஷி வரைவது வாரத்தை அலகாகக் கொண்டு அன்று. தொகுதியை அலகாகக் கொண்டு. ஒரு தொகுதிக்குரிய பத்தையும் கணிசமாக முடித்த பிறகே இதழில் வெளியீடு தொடங்குகிறது. வாரந்தோறும் வருவது வெளியீட்டின் தாளம் மட்டுமே. அது வேலையின் தாளம் அன்று. பத்து வாரம் வெளிவந்தது என்பதால் அந்தப் பத்து வாரங்களில் வரையப்பட்டது என்று ஆகாது. ‘வாரத்தொடர் இல்லை’ என்ற 2022 அறிவிப்புக்கும் 2024இன் பத்து வார வெளியீட்டுக்கும் முரண்பாடு இல்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அறிவிப்பு, 2017 முதல் நடைமுறையில் இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது, அவ்வளவே.

நான்கு ஆண்டுக்குச் சற்றே குறைவான 2018–2022 இடைவெளி இந்த ஒழுங்கில் சேராதது. அது உடல் உண்மையாகவே முறிந்துபோன காலம். மற்ற இடைவெளிகளையும் அதையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது.

ஒரு பதிவை எப்படிப் படிப்பது

அவருடைய ட்விட்டர் பதிவுகள், வேலை நடக்கும் விதத்தை அருகிலிருந்து காட்டுபவை. பெரும்பாலான படங்களில் தெரிவது வெள்ளைத் தாளின் ஒரு மூலை, கட்டத்தின் ஓரக்கோடு, கையால் எழுதிய பக்க எண், சில வேளைகளில் ஒரு விரல் நுனி. பாத்திரங்களின் முகம் தெரிந்துவிடாதபடி படம் எடுக்கப்பட்டிருக்கும். உடன் வரும் வரியில் அத்தியாய எண்ணும், எந்தக் கட்டம் முடிந்தது என்பதும் இருக்கும்: பாத்திரங்களுக்கு மையிட்டாயிற்று, பின்னணிக்கான குறிப்பு எழுதியாயிற்று, வண்ணப் பக்கம் முடிந்தது.

பின்னணிக்கான குறிப்பு என்பது உதவியாளர்களுக்குத் தரும் கட்டளை. எந்தக் கட்டத்தில் எந்த அறை, எவ்வளவு இருட்டு, எந்தப் புள்ளித்தாள் என்று குறித்துக் கொடுத்தால் அவர்கள் நிரப்புவார்கள். அதாவது, பெரும்பகுதியைத் தனியே வரையும் 1995இன் தொகாஷி இன்று இல்லை. படுக்கையிலிருந்து முடிந்ததை மட்டும் தாம் வைத்துக்கொண்டு மற்றதை ஒப்படைக்கப் பழகிய தொகாஷி இருக்கிறார். ஒரே நேரத்தில் பல அத்தியாயங்கள் வெவ்வேறு கட்டங்களில் இருப்பதையும் பதிவுகளிலிருந்து காணலாம். ஓர் அத்தியாயத்துக்கு மையிடும் வேளையில், அதற்குப் பின்னால் வரவேண்டியது முன்வரைவில் இருக்கும். வாரக் கெடுவில் ஓடும் ஓவியரால் இப்படிச் செய்ய இயலாது.

பதிப்பகம் ஏன் பொறுக்கிறது

இதற்கு நன்றியுணர்வு, மரியாதை என்று விடை சொல்பவர்கள் உண்டு. அவை இருக்கலாம். ஆனால் கணக்கே போதும். 2022 நிலவரப்படி ‘ஹண்டர் × ஹண்டர்’ தொகுதிகள் 8 கோடியே 40 லட்சம் படிகள் புழக்கத்தில் இருந்தன. நின்றிருக்கும் காலத்திலும் பழைய தொகுதிகள் விற்கின்றன. 2011 முதல் 2014 வரை மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்த 148 பகுதி அனிமே, ஒவ்வொரு ஆண்டும் புதிய வாசகர்களைக் கொண்டுவருகிறது; அவர்கள் முதல் தொகுதியிலிருந்து வாங்குகிறார்கள். நிறுத்தத்தில் உள்ள தொடருக்குப் பதிப்பகம் பக்கக் கூலி தருவதில்லை. இதழில் அதன் இடத்தை வேறொரு தொடர் நிரப்புகிறது. ஆக, காத்திருப்பதன் செலவு மிகக் குறைவு. முடித்துவைக்கச் சொல்லி வற்புறுத்தி, ஓவியர் ‘யூ யூ ஹாகுஷோ’வைப் போல மூடிவிட்டால் நேரும் இழப்போ மிகப் பெரிது.

சலுகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வார வேகம் ஒத்துவராதவர்களுக்கு ஷூயெய்ஷா வைத்திருக்கும் வழக்கமான வழி, மாத இதழுக்கு மாற்றுவது. ஹிரோஹிகோ அராகியின் ‘ஜோஜோ’ 2005இல் ‘அல்ட்ரா ஜம்ப்’ மாத இதழுக்குப் போனது. தைசுகே அஷிஹாராவின் ‘வேர்ல்ட் டிரிக்கர்’ அவருடைய உடல்நிலையால் 2016இல் நின்று, 2018 இறுதியில் ‘ஜம்ப் எஸ்கியூ’ மாத இதழுக்கு நகர்ந்தது. புதிதாக வரும் ஓர் ஓவியர் இரண்டு ஆண்டு காணாமல் போனால் அவருடைய தொடர் அத்தோடு முடிந்தது. மறுமுனையில் ஒசாமு அகிமோட்டோ: அவருடைய காவலர் நகைச்சுவைத் தொடர் ‘கோச்சிகாமே’ 1976 முதல் 2016 வரை ஒரு வாரமும் தவறாமல் வந்து 200 தொகுதிகளாக நிறைந்தது. நாற்பது ஆண்டு இடைவிடாத உழைப்பும், நான்காண்டு இடைவெளியும் ஒரே இதழின் ஓவியர் பட்டியலில் இருந்தவை. அகிமோட்டோவைக் காட்டித் தொகாஷியைக் குறைசொல்வது எளிது. ஆனால் ஒவ்வொரு வாரமும் தனித்து முடியும் நகைச்சுவைக்கும், ஆண்டுக்கணக்கில் ஒரே முடிச்சை இறுக்கிக்கொண்டு போகும் கதைக்கும் உழைப்பின் தன்மையே வேறு.

வேறொருவர் வரையலாமே

இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு, கலையின் பக்கமும் உண்டு. சட்டத்தைப் பொறுத்தவரை, ஜப்பானிய மங்காவில் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும். பதிப்பகத்திடம் இருப்பது வெளியிடும் உரிமை. அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களைப் போல, பாத்திரத்தை எடுத்து வேறொருவர் கையில் கொடுக்கப் பதிப்பகத்தால் முடியாது.

கலையின் பக்கத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உதவும். தகாவோ சைதோவின் ‘கோல்கோ 13’ 1968இல் தொடங்கியது. கதை எழுத ஒருவர், ஆயுதங்கள் வரைய ஒருவர், பின்னணிக்கு ஒருவர் என்று தொடக்கத்திலிருந்தே பகுத்துச் செய்யும் பட்டறையாக அவர் அதை அமைத்தார். 2021 செப்டம்பரில் அவர் மறைந்த பிறகும் அது நிற்காமல் வருகிறது. நிற்காதபடி கட்டப்பட்டது அது. கென்தாரோ மியுராவின் ‘பெர்செர்க்’ அப்படிக் கட்டப்பட்டதன்று. 2021 மே மாதம் 54 வயதில் அவர் மறைந்தபோது கதை பாதியில் நின்றது. கதையின் போக்கை நேரில் கேட்டறிந்திருந்த நண்பரும் ஓவியருமான கோஜி மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்கள் 2022 ஜூன் முதல் அதைத் தொடர்கிறார்கள்.

‘ஹண்டர் × ஹண்டர்’ இவ்விரண்டைவிடவும் கைமாற்றக் கடினமானது. இப்போது நடக்கும் பகுதி ஒரு பெருங்கப்பலில் நிகழ்கிறது. காக்கின் நாட்டின் பதினான்கு அரச வாரிசுகள் அரியணைக்காக ஒருவரையொருவர் அழிக்க வேண்டிய போட்டி. அவரவர் மெய்க்காவலர்கள், ஒற்றர்கள், கீழ்த்தளங்களில் மூன்று குற்றக் கும்பல்கள். ஒவ்வொருவருக்கும் நென் என்ற ஆற்றலின் தனித்தனி விதிகள். பல பக்கங்களில் படத்தைவிட எழுத்தே அதிக இடம் பிடிக்கிறது. யாருக்கு எது தெரியும், யார் எதைத் தவறாக நம்புகிறார் என்பதே கதையின் இயந்திரம். அந்தக் கணக்கு முழுவதும் இருப்பது ஒரே தலைக்குள். முகங்களை வேறொருவர் வரையலாம். முன்வரைவை வேறொருவர் எழுத முடியாது. முன்னே சொன்னபடி, நேரத்தைப் பெரிதும் விழுங்குவதும் முன்வரைவுதான்.

இந்த அடர்த்திக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதையன்று. வாரக் கருத்து அட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்ற நிலையே இவ்வளவு அடர்த்தியான கதையை எழுத அவருக்கு இடம்கொடுத்தது. புதிதாகத் தொடர் தொடங்கும் எவரும், இதைப்போல நாயகன் பல ஆண்டுகளாகத் தலைகாட்டாத ஒரு கதையை வார வாசகர்களிடம் கொண்டுபோக முடியாது. அதே அடர்த்தி, இடைவெளியைத் தண்டனையாகவும் ஆக்குகிறது: இரண்டு ஆண்டு கழித்து வரும் அத்தியாயத்தில் எந்த இளவரசனின் எந்த மெய்க்காவலன் பேசுகிறான் என்று நினைவிருப்பவர் சிலரே. என் பார்வையில் இப்பகுதி இதழில் வாரவாரம் படிக்கச் சலிப்பூட்டுவது, தொகுதியாக ஒரே மூச்சில் படிக்க அசத்துவது. வெளியீட்டு முறை மாறிவிட்டது. படிக்கும் முறையும் மாற வேண்டும்.

முடிக்காமல் போனால்

இக்கேள்வியை வாசகர்கள் தயங்கித் தயங்கிக் கேட்க, தொகாஷியே முதலில் விடை சொல்லிவிட்டார். 2023 நவம்பரில், தொடரின் தீவிர வாசகர்களான நகைச்சுவைக் கலைஞர்கள் நடத்தும் ஜப்பானிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் கடிதம் அனுப்பினார். கதையின் முடிவுக்கு மூன்று வடிவங்கள் தம்மிடம் இருப்பதாகவும், அவற்றில் சேராமல் தாம் ஒதுக்கிவைத்த நான்காவது வடிவத்தை இப்போதே சொல்லிவிடுவதாகவும் எழுதி, அதை விரித்துரைத்தார். முடிக்கும் முன் இறந்துவிட்டால் அதையே முடிவாகக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அந்த முடிவு என்ன என்பதை இங்கே சொல்லவில்லை. தேடுபவர்களுக்கு எளிதில் கிடைக்கும்.

பிடித்தமான முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று கழித்ததைக் காப்பீடாகத் தந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நிலைமையைச் சரியாக எடைபோட்ட செயல் அது. தாம் வரைந்தால் மட்டுமே வெளிவரவேண்டிய முடிவுகள் கெடவில்லை. வாசகர்களும் வெறுங்கையோடு விடப்படவில்லை. வேறொருவரைக் கொண்டு தொடர்வதா என்ற தலைவலியும் ஓரளவு குறைந்தது.

அடுத்த அறிவிப்பு வரும்போது கவனிக்க

1. ட்விட்டரில் ஓர் அத்தியாயம் முடிந்தது என்று வந்தால், அது வெளியீட்டுத் தேதி அன்று. முந்தைய முறை 401 தொடங்கிப் பத்தும் தயாராகி அச்சேற நீண்ட காலம் பிடித்தது. எண்களின் தொகை பத்தை நெருங்குகிறதா என்பதைப் பார்ப்பதே பயன்தரும்.

2. புதிய தொகுதியின் வெளியீட்டு அறிவிப்பே பெரும்பாலும் தொடர் திரும்புவதற்கான முன்னறிகுறி. 2022இலும் 2024இலும் தொகுதியும் புதிய அத்தியாயங்களும் ஓரிரு மாத இடைவெளிக்குள்ளேயே வந்தன.

3. பத்தாவது அத்தியாயத்தோடு தொடர் நின்றால் அதில் செய்தி ஏதும் இல்லை. ஆறாவதிலோ ஏழாவதிலோ நின்றால்தான் உடல்நிலை பற்றிக் கவலைப்பட வேண்டும்.

4. அனிமே தொடர்ச்சி பற்றிய வதந்திகளை இதனோடு கலக்க வேண்டியதில்லை. 2014இல் அனிமே நின்ற இடத்துக்குப் பின் வரைந்திருப்பதில் பெரும்பகுதி கப்பல் கதை. அது இன்னும் முடியவில்லை. முடியாத பகுதியைப் படமாக்க எந்த நிறுவனமும் அவசரப்படாது.